உப்பையும் கணக்கில் எழுத வேண்டும்

நேற்று முழுக்கத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தேன். ஒரு டி-சர்ட்டுக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு செய்கிறேன். பருத்தி விளைவது முதல் துணி குப்பைக்குப் போவது வரை, சூழலுக்கு ஆகும் செலவைக் கூட்டும் கணக்கு அது.

அடிப்படை விதி உலகத்துக்கே பொது: 2006இல் வந்த ஐஎஸ்ஓ 14040, 14044 என்ற தரநிலைகள். செய்முறைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. சூழல் பாதிப்பை அளக்க அமெரிக்காவில் டிரேசி என்ற முறை, ஜப்பானில் லைம் என்ற முறை. ஐரோப்பிய ஆணையமும் 2013இல் தனி முறையைப் பரிந்துரைத்தது. என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் ஈகோஇன்வென்ட் என்ற தரவுத்தொகுப்பிலிருந்து எண்களை எடுத்துத்தான் வேலையை ஓட்டுகிறோம்.

அங்கேதான் எனக்கு மனசு கேட்பதில்லை. ஐரோப்பாவில் பொதுவாகச் சாயக் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியே விடுவார்கள். திருப்பூரில் 2011 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. ஆர்ஓவில் நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புத்தண்ணீரை நீராவியில் காய்ச்சுகிறார்கள். அதற்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகு. நொய்யல் ஆற்றைக் காக்க இவர்கள் எரிக்கும் இந்த விறகு வெளியூர்த் தரவில் எப்படி வரும்? நொய்யலில் சாயம் கலக்காததன் பலனும் அதில் வராது.

மேற்பார்வையாளர் அண்ணன் ஈர உப்பை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார். "இதையும் எழுதுவீங்களா தம்பி?"

எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் விறகு எடைச் சீட்டுகளை வாங்கப் போகிறேன்.