சுரணை யாருக்கு இல்லை?

ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது, "துக்கத்தில் இருப்பவரிடம் சுரணையற்றுப் பேசினார்" என்ற தொடரில் வந்து நின்றுவிட்டேன். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் அங்கே ஒட்டவில்லை.

சுரணை என்பதை நாம் பெரும்பாலும் இல்லாத பொருளாகவே பேசுகிறோம். "சூடு சுரணை இல்லையா?" என்கிறோம், "கொஞ்சமாவது சுரணை இருந்தால் மறுபடி இந்த வாசலை மிதிப்பானா?" என்கிறோம். ஒருவருக்குச் சுரணை மிகுதி என்று யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை. இத்தொடர்களில் எல்லாம் சுட்டப்படும் குறை, தன்மேல் விழும் இழிவு தனக்கே உறைக்காமைதான். எருமை மாட்டின்மேல் மழை பெய்தது போல என்பதும் அதையே சொல்கிறது.

இழவு வீட்டில் அமர்ந்து, காப்பீட்டுப் பணம் எவ்வளவு வரும் என்று கேட்பவரின் குறை வேறு. அவரைத் தனியே அழைத்து, அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள்: முகம் சிவந்து, ஆறு மாதம் பேசாமல் இருப்பார். ஆகவே அவருக்குச் சுரணை தாராளமாக இருக்கிறது, இல்லாதது இங்கிதம். தெரிந்தே புண்படுத்துபவராக இருந்தால் நெஞ்சில் ஈரமில்லாதவர் என்போம். "உணர்வற்ற" என்று எழுதினாலோ, மயங்கி விழுந்தவர் நினைவுக்கு வருகிறார்.

"மரத்துப்போன மனம்" என்பதையும் இவற்றோடு கலக்கலாகாது. நெடுநேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போவதைப் போல, முன்பு உணர்ந்த மனம், துயரத்தை நாள்தோறும் பார்த்துப் பார்த்து உணராமல் போவது அது. அதில் பழியைவிடப் பரிதாபமே மிகுதி.

வள்ளுவர் இரு குறைகளுக்கும் மரத்தையே உவமையாக்கியிருக்கிறார். 997ஆம் குறளில் மக்கட்பண்பு இல்லாதவர், அரம் போன்ற கூரிய அறிவுடையவராயினும் மரம் போன்றவர். 1020ஆம் குறளில் நாணம் இல்லாதவரின் நடமாட்டம், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதைப் போன்றது. முன்னது பிறரை நோக்கிய குறை, பின்னது தன்னை நோக்கியது. பின்னதற்கே நம் பேச்சு வழக்கின் சுரணை நெருக்கமானது என்பது என் எண்ணம்.

அந்தத் தொடரை "இங்கிதமின்றிப் பேசினார்" என்று மாற்றினேன். மொழிபெயர்த்தவர் இதில் காரம் குறைந்துவிட்டது என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான்.