பாட்டனாரின் துப்பாக்கியைத் துடைத்தபோது

சவ்வாது மலையடிவாரத்தில், ஒடுகத்தூருக்கு அருகிலுள்ள எங்கள் நிலத்தில் காட்டுப்பன்றிகளை வெடிச்சத்தத்தால் விரட்டுவதற்காகப் பாட்டனார் உரிமம் பெற்று வைத்திருந்த என்ஃபீல்டு துப்பாக்கி, தந்தைக்குப் பின் இப்போது என் பெயரில் இருக்கிறது. அதன் விசைப்பூட்டின் (சுத்தியலை இயக்கும் பொறியின்) தகட்டில் கிரீடமும், டவர் என்ற சொல்லும், 1862 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அதை மெருகேற்றிப் புதிதாக்கிவிடும்படி உறவினர் பலர் சொன்னபோதும் நான் இணங்கவில்லை. குழலில் படிந்த பழுப்பு நிறமும், பாட்டனாரின் கன்னம் பட்டு வழுவழுப்பான மரக்கட்டையும் ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்ப வரா.

வேலையைத் தொடங்குமுன் குழல் காலியாக உள்ளதா என்று பார்த்தேன். குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் இத்துப்பாக்கியில் திறந்து பார்க்க வழியில்லை என்பதால், கெட்டிக்கும் கம்பியை உள்ளே இறக்கி, குழல்வாய்க்கு நேராக அதில் அடையாளமிட்டு, பிறகு அதே கம்பியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிட்டேன். அதன் நுனி, குழலின் அடியில் பொறி தரும் சிறு உலோகத் தொப்பியைப் பொருத்தும் முளைக்கு நான்கு விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டது. உள்ளே மருந்தும் குண்டும் அப்படியே இருந்தன. கரிமருந்து எனும் பழைய வகைக் கறுப்பு வெடிமருந்து நனையாதிருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் பற்றிக்கொள்ளும். சிறுவயதில் அது மாட்டியிருந்த சுவரின் கீழேதான் நாங்கள் படுத்துறங்கினோம் என்பதை நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது. நான் எதையும் தோண்டவில்லை. உரிமத்துடன் வேலூரில் துப்பாக்கி பழுதுபார்க்க அனுமதி பெற்ற ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் முளைத் துளை வழியாக நீர் விட்டு மருந்தை நன்றாக ஊறவைத்த பின், திருகுமுனைக் கம்பியால் குண்டை வெளியே இழுத்தார். குழலின் உறுதியையும் முளையையும் சோதித்து, இதில் கரிமருந்தை மட்டுமே இட வேண்டும், இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை ஒருபோதும் இடக்கூடாது என்று எச்சரித்தார்.

அதன் பிறகு துடைப்பது எளிதாகவே இருந்தது. எண்ணெயில் தோய்த்த மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் உதிரும் செந்துருவை மட்டும் நீக்கி, கெட்டியான பழுப்புப் படிவை விட்டுவிட்டேன். குழலுக்குள் துணி விட்டு இழுத்த பின் குண்டைச் சுழலச் செய்யும் முறுக்குத் தடங்கள் மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. விசைப்பூட்டில் எப்போதோ இட்ட நல்லெண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் அதைக் கரைத்துவிட்டு இயந்திர எண்ணெயைத் துளியளவே இட்டேன். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவினேன், அவ்வளவுதான்.

இப்போது பன்றிகள் வரும் பருவத்தில் குண்டில்லாமல், குறைந்த அளவு மருந்து மட்டும் இட்டு, ஆளில்லாத திசையில் சுடுகிறேன். கரிமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிப்பதால், சுட்ட அன்றிரவே கொதிநீரால் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவிய பிறகே பூட்டி வைக்கிறேன். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் முன்பும் சற்றுக் கூடுதலாக எண்ணெய் தடவுகிறேன். அது வாரக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டியிருக்கிறது.