குதிகாலும் குணமாதலும்

மார்த்தாண்டத்தில் மாலை வேளைகளில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் நர்சிங் முடித்த பிள்ளைகள். இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ போவதற்காக ஓ.இ.டி. என்னும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள். நோயாளியைப் பற்றிய குறிப்புகளைப் படித்து, 45 நிமிடத்துக்குள் இன்னொரு மருத்துவருக்கோ நர்சுக்கோ கடிதம் எழுத வேண்டும். இலக்கணத்தை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். ஒரே ஒலியில் வந்து வேறு பொருள் தரும் சொற்கள்தான் அவர்கள் காலை வாரிவிடுகின்றன.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு முதியவர். இடது குதிகாலில் படுக்கைப்புண், ஆறாமல் இருக்கிறது. இதை எழுதச் சொன்னால் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். குதிகாலும் 'ஹீல்', புண் ஆறுவதும் 'ஹீல்'. குதிகாலுக்கு நடுவில் இரண்டு 'இ'. ஆறுவதற்கு 'இ', அடுத்து 'ஏ'. வழிகாட்டிப் புத்தகங்கள் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. இதை நான் அடியோடு எதிர்க்கிறேன். ஜோடியாகப் படித்தது ஜோடியாகவேதான் நினைவுக்கு வரும். தேர்வறையில் இரண்டும் கைகோத்து வந்து நிற்கும்போது எது எது என்று யார் சொல்வது?

அதனால் இரண்டையும் ஒரே நாளில் நான் எடுப்பதில்லை. ஆறும் 'ஹீல்' அதன் உறவுக்காரச் சொல்லான 'ஹெல்த்'தோடு சேர்ந்து வரும். இரண்டிலும் அதே 'இ', 'ஏ' இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். முழுமை என்னும் பொருள் தரும் 'ஹோல்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். புண் ஆறுவது என்பது உடம்பு மறுபடியும் முழுமையாவது. குதிகால் வேறொரு நாள், கணுக்கால், பாதம், கால்விரலோடு வரும். உறவு தெரிந்த சொல் லேசில் இடம் மாறாது.

"ஒலி ஒன்றுதானே டீச்சர், எழுத்தை ஏன் மாற்றி வைத்தார்கள்?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. யாரும் மாற்றி வைக்கவில்லை. ஒரு காலத்தில் அந்த இரண்டு உயிரொலிகளும் வேறு வேறாகவே இருந்தன. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சுப் புத்தகம் பெருகப் பெருக எழுத்து நிலைபெற்றது. அதே நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் பெயர்ந்தன. எழுத்து நின்ற இடத்திலேயே நின்றது. ஒலிகள் போய் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. அரையும் அறையும், கரியும் கறியும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரே ஒலியாகிவிட்டன. எழுத்தில் மட்டும் வேறுபாடு நிற்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் 'ற' இன்னும் அழுத்தமாகத்தான் விழுகிறது. வீட்டில் பாட்டி பேசுவதைக் கேட்டுப் பாருங்கள் மக்களே என்பேன். எழுத்து ஏன் இரண்டாக இருக்கிறது என்பது மறுநாளே புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'மஸல்'. கடியபட்டணத்திலும் குளச்சலிலும் கடல் பாறையில் மூழ்கிச் சிப்பி எடுக்கிறார்களே, அந்தச் சிப்பியும் 'மஸல்', உடம்பின் தசையும் 'மஸல்'. எழுத்துதான் வேறு. சிப்பிக்கு நடுவில் இரண்டு 'எஸ்', தசைக்கு 'எஸ்', 'சி'. இரண்டுக்கும் மூலம் 'முஸ்குலுஸ்' என்ற ஒரே லத்தீன் சொல். சுண்டெலி என்று பொருள். தோலுக்கடியில் தசை திரண்டு அசைவது எலி ஓடுவது போலத் தெரிந்திருக்கிறது. இதைச் சொன்னதும் ஒரு கடற்கரைப் பெண் சட்டைக் கையை மேலே ஏற்றி, முழங்கையை மடக்கி, புஜத்தில் திரண்டதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இனி அந்த 'சி'யை விடமாட்டாள்.

நோயாளிக்கு ஊறு வரக்கூடிய சொற்களும் இருக்கின்றன. சிறுகுடலின் கடைசிப் பகுதி 'இலியம்', இடுப்பெலும்பின் அகன்ற மேற்பகுதியும் 'இலியம்'. மூன்றாவது எழுத்து 'இ' என்றால் குடல், 'ஐ' என்றால் எலும்பு. வாய் சார்ந்த 'ஓரல்', காது சார்ந்த 'ஆரல்' இரண்டையும் பலர் ஒன்றாகவே உச்சரிக்கிறார்கள். காய்ச்சலை வாயில் வைத்து அளந்ததா, காதில் வைத்து அளந்ததா என்பது இதில் அடங்கியிருக்கிறது.

இவையெல்லாம் ஆங்கிலமே கலந்துவிட்டவை. நம் வாயில் வந்து கலப்பவை வேறு. தமிழ் எழுத்தில் மாத்திரையும் 'பில்', கடைக்காரர் தரும் ரசீதும் 'பில்'. முதல் எழுத்தின் அதிர்வை நாம்தான் கவனித்துப் பழக வேண்டும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இன்னும் கடினம். பதினைந்தில் அழுத்தம் பின்பகுதியில், ஐம்பதில் முன்பகுதியில். நாம் பேசும் ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே அழுத்தத்தில் வந்துவிடுகின்றன. தொலைபேசியில் மருந்தளவு சொல்லும்போது இதை நம்பவே கூடாது. 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வதுதான் பாதுகாப்பு.

மருந்துப் பெயர்களிலும் இதே குழப்பம் உண்டு. 'ஹைட்ராலசின்' ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. 'ஹைட்ராக்ஸிசின்' அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. இரண்டிலும் 25 மில்லிகிராம் மாத்திரை உண்டு என்பதால் அளவை வைத்தும் பிழையைப் பிடிக்க முடியாது. வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது. ஆனால் பெரிய எழுத்து கண்ணுக்குத்தான், காதுக்கு உதவாது. ஆகவே வகுப்பில் இருவரை முதுகோடு முதுகாக உட்காரவைத்து, ஒருவர் மருந்துப் பெயரையும் அளவையும் சொல்ல, மற்றவர் எழுதிக்கொண்டு எழுத்துக் கூட்டித் திருப்பிச் சொல்லச் செய்கிறேன். எதற்கான மருந்து என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரைச்சல் இருக்கட்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன். வார்டில் அமைதி இருக்காது.