ஊருக்குப் போகிறவர்களின் நாயும் மாடும்

"வாயில்லா ஜீவன்னா எனக்கு உயிர்" என்று சொல்லிக்கொண்டு, ஊருக்குப் போகிறவர்களின் பிராணிகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: உங்கள் வீட்டு நாய் நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தது? பெரும்பாலும் பதில் வராது. பாசம் யாருக்கும் வரும். ஒரு பிராணியின் சாதாரண நாள் எப்படிப் போகும் என்று கவனித்து வைத்திருக்கிறவருக்குத்தான் அது வழக்கம் தப்பும்போது சட்டென்று பிடிபடும்.

நான் அயனாவரத்தில் மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். தெருவில் ஊருக்குப் போகிறவர்கள் சாவியைக் கையில் திணித்து, "பூனைக்கு மட்டும் கொஞ்சம் வெச்சிடுங்கக்கா" என்பார்கள். இதைக் காசுக்கே செய்யலாமே என்றாள் தம்பி மனைவி. சரிதான். ஆனால் காசு வாங்கினால் வேலை தெரிந்திருக்க வேண்டுமே.

எனக்குப் பள்ளிக்கூடம் வேப்பேரி. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அங்குள்ள ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு நான் கிளம்பிவிடுவேன். காத்திருக்கும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். உண்ணிக் காய்ச்சல் எப்படி ஆரம்பித்தது, எப்போது சாப்பாட்டை விட்டது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை காய்ச்சலே இல்லை. ஈறு வெளுத்திருந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கடையில் தினமும் அள்ளிக் கொடுத்த பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும் என்பதும் அங்கே காதில் விழுந்ததுதான். கேட்ட அன்று திக்கென்றது.

அடுத்தது ஊசி. "நாய் கடிச்சாதானே போடுவாங்க?" என்று வீட்டில் சிரித்தார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28-ம் நாள். அதற்குப் பிறகும் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, மறுபடி இரண்டு ஊசி போட்டாக வேண்டும்.

உண்மையான வேலை, வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முன்பே நடக்கிறது. சாவி வாங்கும் முன் ஒருமுறை போய், அவர்கள் இருக்கும்போதே சோறு வைத்துப் பார்ப்பேன். என்ன சாப்பாடு, எந்த மாத்திரை, எந்த டாக்டர் என்பதெல்லாம் எல்லோரும் எழுதிக் கொடுப்பார்கள். சங்கடமான கேள்விகள் இரண்டு இருக்கின்றன. உங்கள் போன் கிடைக்காவிட்டால் வைத்தியத்துக்கு நான் எவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம்? நீங்கள் வருவதற்குள் செத்துப்போனால் என்ன செய்ய? இரண்டாவதைக் கேட்டதும் ஒரு அம்மா, "வாயைக் கழுவுங்க" என்று எழுந்தே போய்விட்டார். அவருடைய நாய்க்கு பதினான்கு வயது. கேட்காமல் எப்படி இருப்பது? சாயங்காலம் அவரே கூப்பிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார்.

மாடு தானாக வந்த வேலை. செங்குன்றம் பக்கம் இரண்டு கறவை, நாலு ஆடு வைத்திருந்த குடும்பத்துக்கு வெளியூர்க் கல்யாணம். கறவை எனக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "நீ கறக்க வேணாம்மா, பாத்துக்கிட்டா போதும்" என்றார் பெரியவர். புதுக் கை பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் வழக்கமாக வந்து கறக்கிறவரே விடியற்காலையிலும் மதியத்திலும் வந்தார். வைக்கோல், தவிடு, புண்ணாக்கு, தண்ணீர், கொட்டகைச் சுத்தம் என் பொறுப்பு. நாயைவிட மாடு எனக்கு எளிதாகவே தெரிகிறது. படுத்து அசை போட்டால் பெரும்பாலும் நிம்மதி. அசை நின்றாலோ, சாணி தண்ணியாகப் போனாலோ, மடி சூடாக வீங்கினாலோ காத்திருக்கக் கூடாது. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன்.

தொல்லை மாட்டால் வரவில்லை, புண்ணியத்தால் வந்தது. பக்கத்து மண்டபத்தில் விருந்து முடிந்து, ஒரு பாட்டி அன்னக்கூடை நிறைய மீந்த சோற்றோடு வந்து நின்றார். பசுவுக்குப் போடுவதைத் தடுக்கிறேனே என்று அவருக்குக் கோபம். சோறு அதிகமாகப் போனால் மாட்டின் பெருவயிற்றில் மளமளவென்று புளித்து அமிலமாகிவிடும், உயிரே போகலாம். ஆட்டுக்கும் அதே கதிதான். இதையெல்லாம் விளக்கினேன், ஏறவில்லை. "பெரியவர் வந்து என்னைத்தானே திட்டுவார் பாட்டி" என்றதும் இறங்கி வந்தார். விஞ்ஞானம் செய்யாததை பெரியவர் மேல் இருந்த மரியாதை செய்தது.

பச்சைக்கிளி வைத்திருக்கும் வீட்டு வேலையை நான் ஏற்பதில்லை. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நாய் என்றால் மாநகராட்சி உரிமமும் தடுப்பூசிச் சான்றும் கேட்பேன். என் பக்கத்துக் காகிதம், ஆதாரையும் பான் கார்டையும் வைத்து இணையத்தில் இலவசமாக எடுத்த உத்யம் என்ற சிறுதொழில் பதிவு. ரசீதில் அந்த எண் இருந்தால் அடுக்குமாடிச் சங்கத்துக்காரர்கள் கொஞ்சம் தாராளமாக உள்ளே விடுகிறார்கள்.

கட்டணம் ஒரு தடவை போய்வருவதற்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறேன். தீபாவளிக்குக் கூடுதல், பேரம் கிடையாது. அன்று நாயை வெளிச்சம் இருக்கும்போதே நடத்திவிட்டு, ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, ராத்திரி முழுக்க அங்கேயே உட்கார வேண்டும். பயத்தைக் குறைக்கும் மாத்திரை டாக்டர் எழுதித் தந்தால் மட்டும்தான். அதனால் தீபாவளிக்கு ஒரே ஒரு வீடுதான் எடுக்கிறேன். ஆவணியிலேயே சொல்லிவைத்து விடுகிறார்கள்.