தம்பியின் நோய்க்கு என் ரத்தம் எதற்கு?

தம்பிக்கு மாலைக்கண் என்றுதான் சின்ன வயதில் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா முருங்கைக்கீரையும் கேரட்டும் கொடுத்துப் பார்த்தாள். முப்பதைத் தாண்டியதும் பக்கவாட்டில் வரும் வண்டியே அவனுக்குத் தெரியாமல் போனது. கடலூர் – புதுச்சேரி ரோட்டில், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் காட்டினோம். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்றார்கள். விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் பரம்பரை நோய். "சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம், அம்மாவுக்கு அப்பா தாய்மாமன்.

அதற்கப்புறம் ஒரு ஸ்டெம் செல் கிளினிக் வந்தது. ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். பெயர் வேண்டாம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துக் கண்ணுக்குள் ஊசி போடுவோம், சில லட்சம் ஆகும் என்றார்கள். தம்பி பெண்டாட்டியின் நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டான். நான் கேட்டது ஒன்றுதான்: "இது ஆராய்ச்சியா, சிகிச்சையா? ஆராய்ச்சின்னா சிடிஆர்ஐ பதிவு எண் குடுங்க." சிடிஆர்ஐ என்பது மனிதர்களிடம் செய்யும் மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு. அதில் பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். எண் வரவே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலைப் படித்தால், ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் இன்னும் ஆராய்ச்சி நிலைதான். ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் அதற்குக் காசு வாங்கவும் கூடாது. அதே 2017ல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தி இது: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள் இதே கொழுப்பு ஊசியை இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்டு பார்வையைப் பறிகொடுத்தார்கள். ஆளுக்கு 5000 டாலர் வேறு கட்டியிருந்தார்கள். தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். நகை பீரோவுக்குப் போய்விட்டது, என்னோடு பேச்சும் கொஞ்ச நாள் நின்றுவிட்டது.

நிஜ ஆராய்ச்சி ஒன்று இருப்பதாகச் சொன்னவர் தெரிந்த டாக்டர் ஒருவர். இங்கே காசும் இல்லை, சிகிச்சையும் இல்லை. எங்கள் நாலு பேரின் ரத்தம் மட்டும் வேண்டும். ரத்தத்தில் இருக்கும் செல்களைப் பின்னோக்கித் திருப்பி, கருவின் தொடக்கத்தில் இருப்பது போன்ற ஸ்டெம் செல்லாக மாற்றுவார்கள். ஜப்பானின் கியோட்டோவில் ஷின்யா யமனாகா 2006ல் எலியின் தோல் செல்லிலும், 2007ல் மனிதரின் தோல் செல்லிலும் நாலே மரபணுக்களைச் செலுத்திச் செய்து காட்டிய வேலை இது. 2012ல் நோபல் கிடைத்தது, ஜான் குர்டனோடு பகிர்ந்து. அவர் 1962லேயே தவளையில் இதற்கு வழி காட்டியவர். அப்படி மாற்றிய செல்லை மறுபடி விழித்திரையாக வளர்க்க முடியும். தம்பியின் கண்ணைத் திறந்து ஒரு துண்டு வெட்டியெடுக்க முடியாது. அதனால் அவன் விழித்திரையை ஆய்வகத் தட்டில் வளர்த்து, செல் எங்கே எப்படிச் சாகிறது என்று பார்ப்பார்கள்.

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அப்புறம் என் ரத்தம் எதற்கு? ஒப்பிட்டுப் பார்க்க. முன்பின் தெரியாத ஒருவரோடு ஒப்பிட்டால் ஆயிரம் வித்தியாசம் வரும், எது நோயால் என்று பிரிக்க முடியாது. அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்த நோயில்லாத அக்கா என்றால் குழப்பம் குறையும்.

ரத்தம் கொடுத்ததெல்லாம் ஒரு வேலையே இல்லை. சாப்பிட்டுவிட்டே போகலாம், சில குழாய் எடுப்பார்கள், அவ்வளவுதான். நேரம் எடுத்தது ஒப்புதல் படிவம்தான். முதலில் இங்கிலீஷில் நீட்டினார்கள். தமிழில் கேட்டேன், இருந்தது. கேட்டால்தான் வெளியே வருகிறது. நமக்குப் புரிகிற மொழியில் தரவேண்டியது அவர்கள் கடமை, கூச்சப்படாமல் கேளுங்கள். குழுவிலிருந்த ஒரு பெண் அம்மாவுக்காகச் சத்தமாகவே வாசித்தார்.

எலி என்ற இடத்தில் அம்மா நிறுத்தினாள். மாற்றிய செல் எல்லாவகைத் திசுவாகவும் மாறுகிறதா என்று பார்க்க எலிக்குள் செலுத்தும் சோதனை உண்டு. "ஏண்டி, என் ரத்தம் எலிக்குள்ள போவுமா?" அந்தப் பெண் சிரிக்காமல் விளக்கினார். குளோனிங் பயமும் வந்தது. அப்படி மனிதரை உருவாக்குவது நம் நாட்டில் தடை என்றதும் அம்மா அமைதியானாள். நான் நின்ற இடங்கள் வேறு. இந்தச் செல்கள் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைந்து, நாங்கள் செத்த பிறகும் இருக்கும். விலகலாம், ஆனால் அதற்குள் வேறு ஆய்வகத்துக்குக் கொடுத்ததையும் இதழில் வெளியானதையும் திரும்ப வாங்க முடியாது. மருந்து கம்பெனி ஒன்று இதிலிருந்து லாபம் பார்த்தால் எங்களுக்குப் பங்கில்லை. பெயருக்குப் பதில் குறியீட்டு எண்தான் இருக்கும், அந்த எண்ணுக்கு யார் என்ற பட்டியல் மட்டும் பூட்டி வைக்கப்படும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். வேறு நோய்களுக்கும் பயன்படுத்தலாமா என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்தேன். அம்மா கூடாது என்றாள். இரண்டுக்கும் இடமிருந்தது.

கடைசிக் கட்டம்தான் கஷ்டம்: மரபணுவில் ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்லலாமா?

இதில் ஒரு குடும்ப விஷயம் இருக்கிறது. என் மகளைத் தம்பி மகனுக்குக் கொடுப்பது என்று அவர்கள் தொட்டிலில் இருந்தபோதே பேச்சு. எங்கள் வீட்டில் இந்த நோய் ஒடுங்கு முறையில் வருவது, அதாவது அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வரும் மரபணுப் பிரதி இரண்டுமே பழுதாக இருந்தால்தான் நோய். அப்பா அம்மா ஆளுக்கு ஒரு பழுதான பிரதி வைத்திருக்க, தம்பிக்கு இரண்டும் வந்துவிட்டது. ஆக அவன் மகனிடம் ஒன்று நிச்சயம். நோயில்லாத என்னிடம் ஒன்று இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. என்னிடமிருந்து மகளுக்குப் போயிருக்க மூன்றில் ஒன்று. இந்தக் கல்யாணம் நடந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர பன்னிரண்டில் ஒன்று. மரபணு ஆலோசகர் இதைத் தாளில் கோடு போட்டுக் காட்டினார். ஆராய்ச்சி முடிவை மட்டும் நம்பிக் குடும்ப முடிவு எடுக்கக் கூடாது, தனியாக முறையான ஆய்வகத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்றும் சொன்னார். சொல்லலாம் என்று குறித்தேன்.

தம்பி இப்போது பேசுகிறான். அவன் கேட்பதெல்லாம் எப்போது கண் வரும் என்பதுதான். 2014ல் ஜப்பானில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு அவர் தோல் செல்லிலிருந்தே விழித்திரைச் செல் வளர்த்துப் பொருத்தினார்கள். பார்வை கூடவில்லை, மேலும் மோசமாகாமல் நின்றது. அடுத்தவருக்குத் தயாரான செல்லில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் பொருத்தவே இல்லை. இதையும் மறைக்காமல் அவனிடம் சொன்னேன். தட்டில் விழித்திரை முதிரவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

என்னிடம் அந்தப் பிரதி ஒன்று இருப்பது தனிப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. மகளுக்குப் பதினெட்டு முடியட்டும், சோதிப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும் என்றார் ஆலோசகர். அவள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அம்மா இப்போதே நெய்வேலிப் பக்கம் அந்நியத்தில் வரன் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அதை நிறுத்தச் சொல்லித்தான் இப்போது வீட்டில் சண்டை.