கம்பெனிக்குப் பெரிய எஸ்யூவி: கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

கம்பெனிக்குப் பெரிய வண்டி வாங்கும் பேச்சு வந்தாலே ஃபார்ச்சூனரா, சஃபாரியா, ஸ்கார்பியோவா, இன்னோவாவா என்று பெயரில்தான் தொடங்குகிறார்கள். பேச்சை ஓட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பெங்களூரின் பொம்மசந்திராவிலோ பீன்யாவிலோ உள்ள ஒரு தொழிற்சாலையின் வண்டிக்கு வருடம் முழுக்க என்ன வேலை? தேவனஹள்ளி விமான நிலையத்தில் வாடிக்கையாளரை ஏற்றிவர வேண்டும், ஓசூர் சிப்காட் வரை போய்வர வேண்டும், நடுவில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து நகர வேண்டும். கடந்த மூன்று மாத டிராவல்ஸ் பில்களை எடுத்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் எத்தனை பேர், எத்தனை பெட்டி, வண்டி எங்கே நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதிப் பெயர்கள் அந்தத் தாளிலேயே அடிபட்டுவிடும்.

அடுத்தது மூன்றாவது வரிசை. ஆர்.சி.யில் ஏழு சீட் என்று இருந்தாலும் ஏழு பேர் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா என்பது வேறு கேள்வி. ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என் போன்றவை தனிச் சேஸி மேல் பாடி ஏற்றிய வண்டிகள். சேஸியும் பின் ஆக்ஸிலும் கீழே ஓடுவதால் கடைசி வரிசையில் தரை உயர்ந்துவிடுகிறது. கூரை உயரம் மாறாததால் சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். உட்காருபவரின் முழங்கால் மேலே போய், தொடை சீட்டில் படியாமல் நிற்கும். உடல் பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியாது, விமான நிலைய வழியில் ஹெப்பாளைத் தாண்டும்போது தெரியும். அதனால் டெஸ்ட் டிரைவுக்கு ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள இருவரைக் கூட்டிப்போங்கள். ஒருவர் நடுவரிசையில் தனக்கு வசதியாக சீட்டை நகர்த்திக்கொள்ளட்டும், மற்றவர் அவருக்குப் பின்னால் அரை மணி நேரம் ஏசி ஓட உட்காரட்டும். அவர் சொல்வதுதான் முடிவு.

அதே நேரத்தில் டிக்கியையும் பாருங்கள். ஃபார்ச்சூனரின் கடைசி சீட்டுகள் தரைக்குள் மடங்குவதில்லை. இரண்டு பக்கமும் தூக்கி மாட்ட வேண்டியவை என்பதால் மடித்த பிறகும் அகலத்தைத் தின்கின்றன. எந்த ஏழு சீட்டர் ஆனாலும் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பெரிய பெட்டிகளுக்கு இடம் மிகக் குறைவு. வெளிநாட்டு விருந்தினர் நால்வர் வந்தால் பெட்டிக்காகவே கடைசி வரிசையை மடிக்க வேண்டிவரும். அப்போது அது ஐந்து சீட் வண்டி, நடுவில் இரண்டு தனித்தனி சீட் கொண்ட கேப்டன் சீட் வகையை எடுத்திருந்தால் நான்கு சீட்தான். நான்கு காலிப் பெட்டிகளை ஷோரூமுக்கே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். புடவை கட்டியவரும் முழங்கால் வலி உள்ளவரும் ஏறி இறங்குவதையும் பாருங்கள். சைட் ஸ்டெப் இல்லாத உயரமான வண்டியில் வயதான வாடிக்கையாளரைத் தாங்கிப் பிடித்து ஏற்றுவது அவருக்கு மரியாதையாக இருக்காது.

பார்க்கிங்கை டேப் பிடித்து அளக்க வேண்டும். ஃபார்ச்சூனர் நீளம் 4,795 மில்லிமீட்டர், அகலம் 1,855, உயரம் 1,835. சஃபாரி அகலம் 1,922, கண்ணாடிகள் தனி. பழைய கட்டிடங்களின் பேஸ்மென்ட் ராம்ப் வளைவில் இந்த அகலம் ஒரே மூச்சில் திரும்பாது. அடுக்கு பார்க்கிங் உள்ள இடத்தில் தட்டின் உயர வரம்பையும் எடை வரம்பையும் செக்யூரிட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல தட்டுகள் செடான் உயரத்துக்கே அமைக்கப்பட்டவை. வண்டி உள்ளே போகாவிட்டால் டிரைவர் தெருவில்தான் நிற்பார், அபராதமும் கீறலும் அங்கிருந்துதான் வரும்.

டீசலா, பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிடா என்பதில் என் கணிப்பு தெளிவானது. நகருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இன்றைய பிஎஸ்6 (புகை வரம்பு விதி) டீசல் பொருந்தாது. புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைக்கிறது. அதை எரித்துத் தீர்க்க, வண்டி தொடர்ந்து கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஓடி, புகைக்குழாய் சூடேற வேண்டும். அவுட்டர் ரிங் ரோட்டில் அதற்கு வாய்ப்பில்லை. எரிப்பு நடக்கும்போதே ஆபீஸ் வாசலில் இன்ஜினை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால், எரிப்புக்காகக் கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுதான், நீர்த்த ஆயில் டர்போவைக் கெடுக்கும். டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே, வேகமாக ஓட்ட முடிகிற நைஸ் டோல் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவர டிரைவருக்கு அனுமதி இருக்க வேண்டும். டீசல் கணக்கு பார்த்து அதை மறுத்தால் பிறகு வடிகட்டியையே மாற்ற நேரும். புகையைச் சுத்தம் செய்யும் ஆட்ப்ளூ திரவம் ஊற்றும் வண்டியானால் அதன் மட்டத்தையும் வாராந்திரச் சோதனையில் சேர்த்துவிடுங்கள். அது தீர்ந்துபோய் வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

நின்று நின்று போகும் சாலையில் ஹைபிரிட் நன்றாக வேலை செய்யும், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சார்ஜ் ஏறும். ஹைபிரிட் வகையிலும் வரும் இன்னோவா ஹைகிராஸில் தரையும் தாழ்வு, கடைசி சீட்டும் உட்காரும்படி இருக்கிறது. இது எஸ்யூவியே அல்ல என்பார்கள். விமான நிலையத்துக்கும் ஓசூருக்கும் அதுவே சரியான வண்டி. சித்ரதுர்கா காற்றாலைக்கோ பெல்லாரி சுரங்கத்துக்கோ வாரா வாரம் இன்ஜினியர்களை அனுப்பும் கம்பெனிக்கு ஃபார்ச்சூனர் வகை நியாயமான செலவு. அந்த ஓட்டத்தில் டிபிஎஃப் தொல்லையும் வராது.

வரிக் கணக்கை வாங்கும் முன்பே பேசுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், தனி செஸ் கிடையாது. இந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்து, கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஷோரூமில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை ஏறும் வண்டியைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கினால் ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5) அதைத் தடுக்கிறது. அந்த வண்டியின் சர்வீஸ், இன்சூரன்ஸ் மீதான ஜிஎஸ்டிக்கும் அதே தடை. வரிக்கு முன் 20 லட்சம் என்றால் எக்ஸ்-ஷோரூம் 28 லட்சம். கர்நாடகாவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு லைஃப் டாக்ஸ் 18 சதவீதம், அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ், ஆக இன்னும் சுமார் 5.6 லட்சம். ஓசூரில் பதிந்து மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனையும் தேறாது. அங்கே இந்த விலைக்கு 20 சதவீதம், பெங்களூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு. வருமான வரிக் கணக்கில் தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம்தான். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அதில் பாதி, எனவே அக்டோபர் மூன்றாம் தேதியைத் தாண்டினால் அந்த வருடச் சலுகை சுருங்கும்.

டயரும் செலவுதான். டூ-வீல் டிரைவ் ஃபார்ச்சூனருக்கு 265/65 ஆர்17, இன்னோவா கிரிஸ்டாவின் ஆரம்ப வகைக்கு 205/65 ஆர்16. இரண்டுக்கும் ஐந்து டயர் விலை கேட்டுப் பாருங்கள். சன்ரூஃப், பெரிய திரை ஆகியவற்றை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கையெழுத்துப் போடும் முன் டிரைவர் அண்ணாவை உட்கார வையுங்கள். பெங்களூரு கம்பெனி வண்டிகளில் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு ராம்ப், ஒரு யு-டர்ன் போதும், “சார், இது நம்ம கேட்டுல திரும்பாது” என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லுக்கு எம்.டி.யின் விருப்பத்தைவிட மதிப்பு அதிகம் கொடுங்கள்.

இன்சூரன்ஸில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாய விபத்துக் காப்பீடு கம்பெனி பெயரில் உள்ள வண்டிக்குப் பொருந்தாது, கம்பெனிக்கு லைசென்ஸ் கிடையாதே. அதனால் ஐஎம்டி எண் போட்டு வரும் கூடுதல் காப்பு விதிகளில், சம்பள டிரைவருக்கு ஐஎம்டி 28, உள்ளே பயணிக்கும் ஊழியர்களுக்கு ஐஎம்டி 29, பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கு ஐஎம்டி 16 ஆகிய மூன்றும் பாலிசித் தாளில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் ஈடுகட்டும் இன்ஜின் புரொடெக்ட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோடே மூழ்கியது, உயரமான வண்டி என்ற தைரியத்தில் தண்ணீரில் இறங்குவது ஆபத்து. தண்ணீரில் இன்ஜின் நின்றால் சாவியைத் தொடக்கூடாது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும், கிளெய்மிலும் தகராறு வரும். ஆட்களை இறக்கிவிட்டு டோ வண்டியைக் கூப்பிட வேண்டும் என்று டேஷ்போர்டில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டிவையுங்கள்.