இரவு பஸ்ஸில் மாநாட்டுக்கு, பிறகு ஊரிலேயே ஒரு பயிற்சி நாள்

போன கிழமை பரந்தனில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, கொழும்பில நடக்கிற மென்பொருள் டெவலப்பர் மாநாடுகளுக்குப் போறதால பிரயோசனம் இருக்கோ, இல்லாட்டி யூடியூப்பில பார்த்தாலே காணுமோ?" அவளுக்குக் குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் போய்விட்டது. சரி, எழுதியே விடலாம் என்று இருந்துவிட்டேன்.

போ. ஒரு தடவையாவது போ. ஆனால் எதற்குப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ, ஏனென்றால் நான் முதல் தடவை போனபோது எனக்கு அது தெரியாது.

நான் படித்தது பம்பைமடுவில். அப்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம், 2021 இல் தான் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. படிப்பு முடிந்து கிளிநொச்சியில் இருந்தபடி சின்னச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்துகொண்டிருந்த காலம், 2016. கொழும்பில் ஒரு நாள் மாநாடு, காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்று போட்டிருந்தது. கொழும்பில் இருக்கிறவருக்கு ஒன்பது மணி என்றால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. எங்களுக்கு அது முதல் நாள் இரவு. கந்தசுவாமி கோவிலடியில் பஸ் ஏறி, 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டு போகவேண்டும். தனியாக இரவு பஸ்ஸில் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை, அதனால் அப்பாவும் கூட வந்தார். இரண்டு பேருக்கும் போக்குவரத்துக் காசு, அப்பாவுக்குத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை போச்சு. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நுழைவு இலவசம் என்று போடுகிற மாநாடு எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு ஒருபோதும் இலவசமாக இருப்பதில்லை, அதிலும் பெண்பிள்ளைக்கு.

உரைகளில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆங்கிலம் ஒரு காரணம், நான் தொட்டே பார்க்காத கருவிகளைப் பற்றி வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள் என்பது மற்றக் காரணம். அது பரவாயில்லை, பிறகு அந்த உரைகளில் சிலவற்றை வீடியோவாகவே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், நன்றாக விளங்கியது. கஷ்டமாக இருந்தது தேநீர் இடைவேளை தான். எல்லோரும் நாலைந்து பேராக வட்டம் போட்டு நின்று கதைக்கிறார்கள். யாரும் என்னை ஒதுக்கவில்லை, ஆனால் அந்த வட்டங்களுக்குள் எப்படிப் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன்.

அப்போது ஒரு சிங்கள அக்கா, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார், தான் நின்ற வட்டத்தில் ஒரு அடி விலகி நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவு தான். நான் போய் நின்றேன். என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் என் பிரச்சினையைச் சொன்னேன்: ஒரு சங்கத்தின் உறுப்பினர் விபரங்களைச் சேமிக்கிற ஒரு சின்ன மென்பொருள் செய்திருந்தேன், தமிழில் பெயரைப் போட்டுச் சேமித்தால் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடுகின்றன, மூன்று கிழமையாகத் தலையைப் போட்டு உடைக்கிறேன் என்று. அந்த அக்கா உடனே சொன்னார், "மைஎஸ்கியூஎல் தானே? லத்தீன்1 இல் கிடக்கும். எனக்கும் சிங்களத்தில் இதே தான் நடந்தது."

விசயம் இது தான். மைஎஸ்கியூஎல் என்பது தரவுகளைச் சேமித்து வைக்கிற ஒரு மென்பொருள். 2018 இல் அதன் 8.0 பதிப்பு வரும் வரைக்கும், நாங்கள் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன்1 என்ற எழுத்துத் தொகுதியைத் தான் எடுத்துக்கொள்ளும். அதில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் மட்டும், மொத்தமே 256 இடங்கள். அதற்குள் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இல்லாத எழுத்தைக் கொடுத்தால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுச் சேமித்துவிடும். அப்படிச் சேமித்த பிறகு பழைய பெயரைத் திரும்ப எடுக்கவே முடியாது, ஏனென்றால் உள்ளே இருப்பது உண்மையாகவே கேள்விக்குறி தான். அட்டவணையையும் இணைப்பையும் எல்லா மொழி எழுத்தும் அடங்குகிற யூடிஎஃப்8எம்பி4 க்கு மாற்று என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து மாற்றினேன், வேலை செய்தது, ஏற்கெனவே போன நாற்பது பெயர்களையும் கையால் திரும்ப அடித்தேன்.

அந்த ஐந்து நிமிடத்துக்காகத் தான் மாநாட்டுக்குப் போகவேண்டும் என்று தங்கச்சிக்குச் சொன்னேன். உரை வீடியோவில் வரும், அந்த வட்டத்தில் நடந்த கதை வராது. ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு சிங்களப் பிள்ளையும் ஒரே கேள்விக்குறியோடு தனித்தனியாகக் கிடந்து மல்லுக்கட்டியிருக்கிறோம் என்பதும் அங்கே போயிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. பிறகு தான் அந்த அக்கா செய்ததற்கு ஒரு பெயரே இருக்கிறது என்று வாசித்தேன். பைதன் என்ற நிரல்மொழியில் வேலை செய்கிற எரிக் ஹோல்ஷர் என்பவர் எழுதிய பக்மான் விதி: வட்டமாக நின்று கதைக்கும்போது இன்னொருவர் வந்து நிற்க எப்போதும் ஓர் இடைவெளி விடு, மேலே இருந்து பார்த்தால் பழைய வீடியோ கேமில் வருகிற, வாய் திறந்த பக்மான் மாதிரித் தெரியவேண்டும், யாராவது வந்து சேர்ந்தால் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து திரும்பவும் ஓர் இடம் விடவேண்டும். நீங்கள் மாநாட்டுக்குப் பழகின ஆள் என்றால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். சுவரோடு நிற்கிற பிள்ளை இரவு முழுக்கப் பஸ்ஸில் இருந்து வந்ததாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு ஆறேழு தடவை போயிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் நடத்துகிற நிகழ்வுகளுக்குப் போவது எங்களுக்குச் சுகம், காலையில் வெளிக்கிட்டுப் பொழுதுபடத் திரும்பலாம். ஆனால் துணுக்காயில் இருக்கிறவனுக்கு அதுவும் தூரம் தான். காலமும் எங்களோடு ஒத்துவருவதில்லை. கூகிள் டெவலப்பர் குழுக்களின் டெவ்ஃபெஸ்ட் மாநாடுகள் வருகிறது செப்டெம்பருக்கும் டிசெம்பருக்கும் இடையில், திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்கிற ஹக்டோபர்ஃபெஸ்ட் ஒக்டோபரில். வன்னியில் அது மழையும் பெரும்போக விதைப்பும். வயல் வீட்டுப் பிள்ளை அந்த மாதங்களில் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகக் கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் வெளியில் இருந்து ஒரு நிறுவனம் எங்கள் பக்கம் பயிற்சி என்று வந்தது. நூற்றுக்கு மேல் பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் இருத்தி, மூன்று மணித்தியாலம் ஆங்கிலத்தில் சிலைட் காட்டி, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளை கூட ஒரு வரி நிரல் அடிக்கவில்லை. ஒரு பிள்ளை கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

அதனால் தான் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கிளிநொச்சியிலேயே ஒரு பயிற்சி நாள் தொடங்கினோம், போன ஓகஸ்ட்டில். மழை இல்லை, பள்ளிக்கூட விடுமுறை, விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாதிரியாக எடுத்துக்கொண்டது, பெண்களுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிற ஜாங்கோ கேர்ள்ஸ் பயிற்சியை. ஓலா சிட்டார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா என்ற இரண்டு பெண்கள் 2014 ஜூலையில் பெர்லினில் யூரோபைதன் மாநாட்டை ஒட்டித் தொடங்கியது அது. அவர்களின் பாடம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது, எனக்குப் பிடித்தது அதில் இருக்கிற ஒரு கணக்கு: மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர். உரையாளர் இல்லை, மேடை இல்லை. நாங்கள் 24 பேரை எடுத்தோம், எட்டுப் பயிற்றுநர். அறிவியல்நகரில் உள்ள பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் மூன்று பேர், பம்பைமடுவில் படித்த என் கூட்டாளிகள் இரண்டு பேர், மிச்சம் எங்களில் மூன்று பேர். விண்ணப்பம் நூறு தாண்டியது, நாங்கள் 24 ஐ விட்டு அசையவில்லை. ஆட்களைக் கூட்டினால் திரும்பவும் அதே சிலைட் மண்டபம் தான் வரும்.

நேரம் காலை ஒன்பதரையில் இருந்து பின்னேரம் மூன்றரை. முல்லைத்தீவு, பூநகரி, துணுக்காய்ப் பஸ்களைப் பார்த்துத் தான் நேரத்தைப் போட்டோம், இருட்டுமுன் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள் என்றால் தான் பெற்றோர் பெண்பிள்ளைகளை விடுவார்கள். 24 பேரில் 15 பேர் பெண்பிள்ளைகள். எனக்கு அது பெரிய சந்தோசம்.

டேட்டாவை நம்பவில்லை. 24 பேர் ஒரே நேரத்தில் ஒரு கைபேசி இணைப்பில் பைதனைத் தரவிறக்கினால் மதியம் வரைக்கும் அதே வேலை தான். முதல் நாளே பைதன் நிறுவியையும் பிப் டவுன்லோட் கட்டளையால் வேண்டிய பொதிகளையும் எடுத்து நாலு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தோம். அப்படியிருந்தும் முதல் ஒரு மணித்தியாலம் விண்டோஸில் பாத் (நிரல்களை எங்கே தேடவேண்டும் என்று கணினி வைத்திருக்கிற பட்டியல்) பிரச்சினையோடு போனது. நிறுவும்போது முதல் திரையின் அடியில் பைதனைப் பாத்தில் சேர்க்கவா என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் சரி போடாமல் அழுத்திவிட்டால் பிறகு கட்டளைத் திரையில் பைதன் என்று அடித்தாலும் அதற்குத் தெரியாது. அடுத்த முறை அந்தத் திரையைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டப்போகிறோம்.

ஆராய்ச்சியாளர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிற சொஃப்ட்வெயார் கார்ப்பென்ட்ரி பயிற்சிகளில் இருந்து ஒன்றை எடுத்தோம், ஒட்டுத்தாள். ஆளுக்கு ஒரு பச்சை, ஒரு சிவப்பு. வேலை முடிந்தால் லப்டொப் மூடியில் பச்சையை ஒட்டு, மாட்டிக்கொண்டால் சிவப்பை ஒட்டு. எங்கள் பிள்ளைகள் கை உயர்த்தமாட்டார்கள், நானும் உயர்த்தியதில்லை. ஆனால் சிவப்புத் தாளை ஒட்டுவார்கள். முதல் அரை மணித்தியாலத்தில் ஒன்பது சிவப்பு. பத்து மணிக்குப் பிறகு தாளும் தேவைப்படவில்லை, "அக்கா இங்க ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். தமிழில் நடந்தது என்பது தான் காரணம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழில் படித்தவர்கள் அவர்கள், மாறி என்றால் தெரியும், அணி என்றால் தெரியும். வேரியபிள், அரே என்று மட்டும் சொன்னால் தெரிந்த பொருளே தெரியாத பொருளாகிவிடும். இரண்டையும் சேர்த்துச் சொன்னோம்.

மதியத்துக்கு முன் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணுகிற, பைதனில் உள்ள லென் கட்டளை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். தருமபுரத்தில் இருந்து வந்த ஒரு பிள்ளை "வன்னி" என்று அடித்துப் பார்த்தாள். 5 என்று வந்தது. "அக்கா, மூண்டு தானே?" என்றாள். வ, ன், னி. மூன்று தான். அவள் சொன்னது சரி, பைதன் சொன்னதும் அதன் கணக்கில் சரி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற பொதுத் தரமான யூனிக்கோட், ன் என்பதை ன வும் புள்ளியும் என்று இரண்டாக வைத்திருக்கிறது, னி யை ன வும் விசிறியும் என்று இரண்டாக. ஆக வ, ன, புள்ளி, ன, விசிறி, ஐந்து. இதைப் பலகையில் வரைந்து காட்டி முடிப்பதற்குள் அறை முழுக்கத் தங்கள் பெயரையும் ஊரையும் அடிக்கத் தொடங்கிவிட்டது. கிளிநொச்சிக்கு 10, எண்ணிப் பார்த்தால் எழுத்து ஐந்து. ஒருவனுக்கு மட்டும் அதே கிளிநொச்சி 11 என்று வந்தது. அவன் பிழை விட்டுவிட்டான் என்று பக்கத்தில் இருந்தவன் சொல்ல, நான் போய்ப் பார்த்தேன். அவன் அடிக்கவில்லை, யூனிக்கோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருந்த பழைய ஆவணம் ஒன்றை மாற்றி வைத்திருந்ததில் இருந்து ஒட்டியிருந்தான். அதில் நொ வின் கொம்பும் காலும் இரண்டு தனிக் குறிகளாகக் கிடந்தன, விசைப்பலகையில் அடித்தவர்களுக்கு ஒரே குறியாக இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று தான், ஆனால் சமமா என்று பைதனைக் கேட்டால் இல்லை என்கிறது. உறுப்பினர் பட்டியலில் ஒரு பெயரைத் தேடிக் கிடைக்காமல் போவது இப்படியும் தான். பைதனின் யூனிக்கோட்டேட்டா நூலகத்தில் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு ஒழுங்குபடுத்தினால் 10 ஆகிவிடும். எழுத்தாக எண்ண ஓப்பன் தமிழ் நூலகம் இருக்கிறது, அதையும் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தோம்.

பிறகு ஒருத்தன் கேட்டான், "அப்ப தமிழில மெசேஜ் அனுப்பினா ஏன் காசு கூட வெட்டுது?" அதே கணக்குத் தான். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து, யூனிக்கோட் என்றால் 70 குறி. வன்னி என்று எழுதவே அந்த எழுபதில் ஐந்து போய்விடும். மதியச் சாப்பாட்டுப் பார்சல் ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் எழும்பவில்லை.

இந்தக் கேள்விகளைக் கொழும்பு மாநாடு எதிலும் யாரும் கேட்டு நான் காணவில்லை. பிள்ளைகளிடம் கேள்வி இருக்கிறது, கேட்பதற்கு மூன்று பேருக்கு ஒருத்தர் பக்கத்தில் இருக்கவேண்டும், அவர் தமிழில் கதைக்கவேண்டும். ஆகையால் தங்கச்சிக்கு இரண்டாவதாகச் சொன்னது: கொழும்புக்குப் போய்விட்டு வா, ஆனால் வந்து இங்கே வேலை செய்.

வருகிற ஓகஸ்ட்டில் திரும்பவும் நடத்துகிறோம், ஒரு நாள் கிளிநொச்சியில், ஒரு நாள் முல்லைத்தீவில். தருமபுரத்துப் பிள்ளை இந்த முறை பயிற்றுநராக வருகிறாள், எழுத்து எண்ணுகிற பகுதியைத் தானே எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். முல்லைத்தீவுக்கு இன்னும் நாலு பயிற்றுநர் குறைவு. பைதனில் ஒரு வருடம் வேலை செய்திருந்தால் காணும், பொறுமை இருந்தால் அதைவிட நல்லது. பஸ் காசும் சாப்பாடும் தருவோம். வீட்டில் எக்ஸ்ரென்சன் வயர் இருந்தால் ஒன்று கொண்டு வாருங்கள், மண்டபத்தில் இரண்டு பிளக் தான் இருக்கிறது.